ஒரு சாண் தள்ளி

பாண்டி,

இந்தக் கவரைக் கையில் வாங்கியதும் பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. திராட்சைப் பந்தலில் காய் பிடித்திருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, மணி வழக்கம்போல வாசலில் படுத்துக்கொண்டு போகிற வருகிற வண்டியையெல்லாம் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கிறான். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் பேசினால் பாதிப் பேச்சில் நான் நாயைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். அந்தத் திட்டு நாய்க்கா உனக்கா என்று நீ கொஞ்ச நேரம் யோசிப்பாய். பிறகு "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து நமக்குள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை அப்படி ஓடவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் சுருளிப்பட்டியிலிருந்து ஓசூருக்குக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேம்மா. மாசக் கடைசி வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்கன்னு மேனேஜர் சொல்றாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு? தோட்டத்துக்கே வந்துர்றேன்." நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஒன் இஷ்டம்ப்பா" என்றேன். போனை வைத்ததும் மணியின் தலையைப் பிடித்து ஆட்டி, "ஏலே, நம்ம அண்ணன் வர்றான்டா" என்று மூன்று தடவை சொன்னேன். அன்றைக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நேற்று ஒரு முள் குத்தியது. எங்கே குத்தியது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு மாதமாகச் சனிக்கிழமை தோறும் பூச்சிமருந்து வாங்கத் தேனிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? நீகூட ஒருநாள், "கம்பத்துல இல்லாத மருந்தாம்மா தேனியில கெடைக்குது?" என்று கேட்டாய். மருந்துமில்லை, மண்ணுமில்லை. நான் துப்பாக்கி சுடப் போகிறேன். சிரிக்காதே. அப்பா பேரில் இருந்த துப்பாக்கி உனக்கு நினைவிருக்கும். மேட்டுக்காட்டு மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடாமல் இருக்க வாங்கியது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கியையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பா அதைச் சாக்கில் சுற்றிக் கொடுக்க, நீ பைக்கில் பின்னால் உட்கார்ந்து குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு போவாய். "எலெக்‌ஷன் வந்தா மனுசனுக்கு என்ன கெடைக்குதோ தெரியல, பன்னிக்கு மட்டும் மரவள்ளி கெடைச்சிருது" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைச் சொல்வார், நீயும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாய். அவர் போன பிறகு அந்தத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். என் பேருக்கு மாற்ற முடியுமா என்று விசாரிக்கப் போனபோது, துப்பாக்கியைக் கையாளத் தெரியும் என்று பயிற்சிச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். அதற்காகத்தான் தேனியில் உள்ள பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். சான்றும் வாங்கினேன். ஆனால் வாங்கிய பிறகு அந்தத் துப்பாக்கி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை போவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது. அங்கே சுடுவது காற்றுத் துப்பாக்கி. சத்தம் பெரிதாக இருக்காது, "டப்" என்று ஒரு சின்ன ஓசை, அவ்வளவுதான். பத்து மீட்டர் தள்ளி, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன அட்டை, அதன் நடுவில் கரும்புள்ளி. நம் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்குமான தூரம்தான். சொல்லிக்கொடுக்கிற பெண்ணின் பெயர் கிரேஸ், போடியில் மளிகைக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை, உன்னைவிட இரண்டு வயது சின்னவள். முதல்நாள் சேலைக்கு மேலே எனக்கு ஒரு தடித்த கோட்டை மாட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் குளிர்காலத்தில் மேகமலைக்குச் சுற்றுலா போகிற பெண்பிள்ளை மாதிரி இருந்தேன். துப்பாக்கியின் கனத்தைப் பார்த்து நான் திணறுவேன் என்று எதிர்பார்த்தாள் போல. மருந்து டேங்கை முதுகில் சுமந்த தோளுக்கு அது ஒரு கனமா? அதை மட்டும் பார்த்து, "பரவாயில்லம்மா, அசையாம நிக்கிறீக" என்றாள். அந்தப் பெருமை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற ஒருவர், ஓய்வுபெற்ற பேங்க் அலுவலர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல, துப்பாக்கியும் கையுமாக அவர் பக்கம் திரும்பிவிட்டேன். கூடமே கத்தியது. "வச்சுட்டுத் திரும்புங்கம்மா! எதுன்னாலும் மொதல்ல கீழ வச்சுட்டுத்தான் திரும்பணும்!" என்று ஓடிவந்தாள் கிரேஸ். குண்டு போடாத துப்பாக்கிதான், இருந்தாலும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். ஐம்பத்தைந்து வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் திட்டு வாங்குவது எனக்கு ஏனோ பிடித்திருந்தது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. என் குண்டுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே இடத்தில் போய் விழுந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி விழாதாம், அட்டை முழுக்கச் சிதறுமாம். ஆனால் விழுகிற இடம் நடுவில் இல்லை. வலது பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி. "என்னம்மா இது, எல்லாம் அங்கனயே போயி உக்காந்திருக்கு?" என்று கிரேஸ் குறிபார்க்கிற வளையத்தைத் திருகிச் சரிசெய்தாள். இரண்டு குண்டு நடுவில் விழுந்தது. மூன்றாவது மறுபடி பழைய இடத்துக்கே போய்விட்டது. துப்பாக்கியில்தான் கோளாறு என்றேன். அவள் அதே துப்பாக்கியை வாங்கி, திருகியதைப் பழையபடி வைத்து, நின்ற இடத்திலேயே நடுப்புள்ளியைத் துளைத்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தச் சொன்னாள், விசையைச் சுண்டாமல் அழுத்தச் சொன்னாள், கால் வைக்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். வாரம் வாரம் ஒன்று மாற்றிப் பார்த்தாள். என் குண்டு மட்டும் மாறவில்லை. நேற்றுதான் அலுத்துப்போய்க் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி எதையாச்சும் குறி வச்சு அடிச்சுப் பழகியிருக்கீகளாம்மா?"

அடித்திருக்கிறேனே, முப்பது வருஷமாக அதுதானே வேலை. உண்டிவில்லை நான் முதன்முதலில் கையில் பிடித்தது கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த மூன்றாம் மாதம். திராட்சை கறுத்து இனிப்பு ஏறுகிற நேரம், கிளியும் மைனாவும் கொண்டைக்குருவியும் கூட்டமாக வந்து இறங்கும். கவட்டைக் குச்சியில் ரப்பரைக் கட்டிக் கொடுத்து உன் அப்பா சொன்னார்: "பழத்துல படக் கூடாது. ஒரு பழம் ஒடஞ்சா கொலையே அழுகிரும். குருவி மேலயும் படக் கூடாது, அது பாவம். ஒரு சாண் தள்ளி, பந்தல் கம்பியில அடி." கம்பியில் கல் பட்டால் 'ணங்' என்று ஓர் அதிர்வு பந்தல் முழுக்க ஓடும். கல்தூணுக்குக் கல்தூண் அது போய்ச் சேர்வதற்குள் குருவியெல்லாம் எழும்பிவிடும். பழத்துக்கும் சேதமில்லை, பறவைக்கும் சேதமில்லை. அதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்த் தங்கள் பந்தலில் அடிக்கச் சொல்வார்கள். கண் குருவியைப் பார்க்கும், கை ஒரு சாண் தள்ளி விடும். நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னோடு நின்று அடித்திருக்கிறாய். நீ அடித்தால் மட்டும் கல் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, ஒருநாள் அப்பாவின் டீ டம்ளரே கவிழ்ந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் பந்தலுக்குள் ஓடியதும், நீ உண்டிவில்லை என் கையில் திணித்துவிட்டு நல்லபிள்ளை மாதிரி நின்றதும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்த நாட்கள் எனக்கு ரொம்ப வேண்டும் போலிருக்கிறது பாண்டி, அதை மறைக்க மாட்டேன்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். அட்டையைக் கழற்றி, மறுபக்கமாகத் திருப்பி மாட்டினாள். புள்ளியே இல்லாத வெள்ளை. "இப்ப இதோட நடுவுல சுடுங்க" என்றாள். ஐந்து குண்டு சுட்டேன். எடுத்து வந்து காட்டினாள். ஐந்தும் நட்ட நடுவில் இருந்தன. மறுபடி புள்ளியுள்ள பக்கத்தை மாட்டினாள், மறுபடி வலது பக்கம் ஓடிவிட்டது. "ஒங்களுக்குச் சுடத் தெரியாம இல்லம்மா" என்றாள் அவள். "அங்கன ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா, அது மேல பட்டுருமோன்னு பயப்படுறீக. கடைசி நேரத்துல கை தானா வெலகுது. இது வெறும் அட்டைதானம்மா. இதுக்கு வலிக்காது." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டுச் சூடு தாங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தேனியிலிருந்து கம்பம் வரும் வரைக்கும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உண்டிவில்லில் மட்டுமா நான் ஒரு சாண் தள்ளி அடித்தேன்? வாயிலும் அதைத்தானே செய்தேன். உனக்குத் தெரியாதா என் ஜாடைப் பேச்சு? அப்பாவோடு சண்டை என்றால் வாரக்கணக்கில் எங்களுக்கு நடுவில் பேசியது அந்தக் கறுப்பு வெள்ளாடு. "சோறு வச்சிருக்கு, வேணும்னா வந்து திங்கச் சொல்லு" என்று நான் ஆட்டிடம் சொல்வேன். "கொழம்புல உப்பில்லன்னு சொல்லு" என்று அவரும் ஆட்டிடம் சொல்வார். நம் குடும்பத்து ரகசியமெல்லாம் அந்த ஆட்டுக்குத் தெரியும். நீ அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வளர்ந்தாய். நானும் அதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். யாரையும் முகத்துக்கு நேராகப் புண்படுத்தவில்லை, காரியமும் நடந்துவிடுகிறது என்று. ஆனால் அப்பா வாய்க்கால் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கும் நான் ஆட்டிடம்தான் பேசினேன். "சில பேரு வாயு வாயுன்னு சொல்லிக்கிட்டே திரியிறாக. கம்பத்துல ஆஸ்பத்திரி என்ன மலைமேலயா இருக்கு?" என்றேன். "கவாத்து முடியட்டும், போவோம்னு சொல்லு" என்று அவரும் ஆட்டிடம் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார். கொடிகளை வெட்டி முடித்தார், தளிர் வந்தது, பூ வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவர் முன்னால் போய் நின்று, "எனக்குப் பயமா இருக்குங்க, சட்டைய மாட்டுங்க, இப்பவே போவோம்" என்று நான் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். நான் நேராகக் கேட்ட எதையும் அவர் தட்டியதில்லை, நான்தான் நேராகக் கேட்டதில்லை. போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் இந்த ஒன்றரை வருஷமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். உன்னிடம்கூட இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

உனக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது முடித்தபோது ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாய். திராட்சைப் பெட்டி அட்டைகளில் நீ வரைந்த குலைகளைப் பார்த்து, கேரளாவிலிருந்து லாரி கொண்டு வருகிற சேட்டன் ஒருவர், "இது ஆரு வரச்சது?" என்று கேட்டு ஒரு பெட்டியைக் காலியாகவே வீட்டுக்கு எடுத்துப் போனார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை! ஆனால் நீ வெளியூர் போய்விடுவாயே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வாசலில் கீரை விற்க வந்த அம்மாளிடம், "படம் வரைஞ்சா பசி தீருமா ஆத்தா? நீயே சொல்லு" என்று சத்தமாகக் கேட்டேன். பாவம், அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்தது. இரண்டு நாள் கழித்து, "பாலிடெக்னிக்ல சேர்ந்துர்றேம்மா" என்றாய். நான், "ஒன் இஷ்டம்ப்பா" என்றேன். அதற்குப் பிறகு நம் பெட்டிகளில் கறுப்பு மையில் வெறும் எழுத்துதான் இருந்தது. இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிற வேலையில் நீ போய் உட்கார்ந்து, அதில் உனக்குப் பிடிப்பு வந்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது. நீ காட்டிய அந்தப் படத்தை, ஏதோ பல்சக்கரம், எனக்கு ஒரு மண்ணும் புரியாவிட்டாலும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையைத்தான் இப்போது விடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாய். எதனால் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் வாசலில் மணியிடம், "ஒனக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. நமக்கப்பறம் இந்தப் பந்தல யாருடா பாக்கப் போறாக? வெளியூர்ல இருக்குறவுகளுக்கு இங்கன என்ன இருக்கு?" என்றேன். திரும்பிப் பார்த்தபோது பாதித் தோசை தட்டில் இருந்தது, நீ பந்தலுக்குள் போய் நின்றுகொண்டிருந்தாய். அப்போதே எனக்குத் தெரியும், கல் கம்பியில் பட்டுவிட்டது என்று. தெரிந்தும் சும்மா இருந்தேன். இன்னொன்றையும் மறைத்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சரவணன் கீழ்ப்பந்தலைக் குத்தகைக்குக் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டுப் போனான். நல்ல உழைப்பாளி, கொடியைப் பிள்ளை மாதிரி பார்ப்பான். மேல்பந்தலை மட்டும் என்றால் நானே பார்த்துக்கொள்வேன். அதைச் சொன்னால் நீ வராமல் இருந்துவிடுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை.

அதனால் இப்போது துப்பாக்கியைப் பிடிப்பதுபோல நேராக நின்று சொல்கிறேன், கேள். எனக்கு நீ வர வேண்டும் என்று ஆசை. காலையில் தனியாக உட்கார்ந்து காபி குடிக்கப் பிடிக்கவில்லை. உன் செருப்பு வாசலில் கிடந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். இது என் ஆசை, என் பாடு. உனக்கு இந்தத் தோட்டம் பிடித்து, இந்த மண்ணில் நிற்க வேண்டும் என்று நீயே நினைத்து வருவதானால் வா, நான் கம்பம் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து நிற்பேன். அம்மா தனியாக இருக்கிறாளே, அப்பா போய்விட்டாரே, நாயிடம் புலம்பினாளே என்று வருவதானால் வராதே. எழுதிக் கொடுத்துவிட்டோமே, திரும்ப எப்படிப் போய் நிற்பது என்று கூச்சப்படாதே. கிரேஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கை நடுங்குகிறது, குறி நிற்கவில்லை என்றால் சுட்டே ஆக வேண்டும் என்று கிடையாது. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு, மூச்சை இழுத்து விட்டுவிட்டு, மறுபடி எடுக்கலாம். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

கவரில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன், பார். நேற்றுக் கிளம்புவதற்கு முன் கடைசியாகச் சுட்டது. நான்கு ஓட்டை வழக்கம்போல வலது பக்கம் இருக்கும். ஐந்தாவது மட்டும் கரும்புள்ளிக்குள், நடுவில் உள்ள பத்து மார்க் வளையத்துக்குப் பக்கத்தில், ஒன்பது மார்க்கில் இருக்கும். அதைச் சுடும்போது நான் உன்னை நினைத்துக்கொண்டேன். பட்டாலும் பரவாயில்லை, நேராகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீயும் எனக்கு நேராகப் பதில் சொல். 'உங்க இஷ்டம்மா' என்று மட்டும் சொல்லாதே, அது என்னிடமிருந்து நீ கற்றுக்கொண்டது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை, இரண்டில் ஒன்று. எதைச் சொன்னாலும் அன்றைக்குச் சாயங்காலம் நான் அழுவேன். மறுநாள் காலையில் எழுந்து பந்தலுக்குப் போய்விடுவேன், நீ அதற்காகக் கவலைப்படாதே.

நாளைக் காலை கம்பத்துக்குப் போய் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். மணி என் காலடியில் படுத்து, என்ன எழுதுகிறாள் இவள் என்று காதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனிடம் இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

அம்மா